ஐஸ் மிதப்பதற்கும் அந்த 4 டிகிரிக்கும் உண்மையில் என்ன சம்பந்தம்?

டியூஷன்மிஸ் எழுதியது:

வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். வழக்கமான பாடம்தான்: தண்ணீருக்கு 4 டிகிரியில் அடர்த்தி அதிகம், அதனால் ஏரியில் மேலே ஐஸ் படரும், அடியில் 4 டிகிரி தண்ணீர் இருக்கும், மீன் பிழைத்துக்கொள்ளும். ஒரு மாணவி கையைத் தூக்கி, "மிஸ், கடல் தண்ணிக்கு அந்த 4 டிகிரி கணக்கே கிடையாதாமே, அப்ப ஆர்க்டிக்ல மட்டும் ஐஸ் ஏன் மேல இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். தேடிப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான் போலிருக்கிறது. உப்புத் தண்ணீருக்கு 4 டிகிரி உச்சம் இல்லை. ஆனால் கடலிலும் ஐஸ் மிதக்கத்தானே செய்கிறது? அப்படியானால் நாம் இத்தனை நாளாகச் சொல்லிக்கொடுக்கும் காரணம் என்ன ஆகிறது?

கூடவே இன்னொன்று. வேறொரு பையன், ஐஸுக்குள் காற்றுக் குமிழி இருப்பதால்தான் அது மிதக்கிறது என்று அடித்துச் சொல்கிறான். அவன் அப்பா சொன்னாராம். இரண்டுக்கும் சேர்த்து யாராவது விளக்கினால் நல்லது. வாய்பாடு மாதிரி வேண்டாம், பிள்ளைகளிடம் சொல்கிற மாதிரி வேண்டும்.

---

மாடிவீடு எழுதியது:

அந்தப் பையனின் அப்பா சொன்னது சரிதானே? ஃப்ரிட்ஜில் ஐஸ் வைத்தால் நடுவில் வெள்ளையாகத் தெரிவது காற்றுதான். காற்று இருந்தால் மிதக்காமல் என்ன செய்யும். இதுக்குப் போய் ஏன் ஆர்க்டிக் வரைக்கும் போகணும்.

---

ஐஸ்கம்பெனி எழுதியது:

மாடிவீடு சார், வெள்ளையாகத் தெரிவது காற்று என்பது சரி. மிதப்பதற்குக் காரணம் அதுதான் என்பது சரியில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் பார் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் ஊற்றிய கேன்களை உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்போம். உப்பு சேர்த்திருப்பதால் தொட்டித் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே பல டிகிரி போனாலும் உறையாது, கேனுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் மட்டும் ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து உறைந்துகொண்டே வரும். தண்ணீரில் கரைந்திருந்த காற்றுக்கு ஐஸுக்குள் இடமில்லை, அதனால் அது நடுப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போய்க் கடைசியில் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பாரின் நடுவில் வெள்ளைக் கோடு தெரிவது அதனால்தான். கண்ணாடி மாதிரி ஐஸ் வேண்டுமென்றால், உறைகிற நேரம் முழுக்கக் குழாய் வழியாகக் காற்றை ஊதித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் காற்றை வெளியேற்றுவதற்குத்தான் காற்று ஊதுகிறோம்.

விஷயம் என்னவென்றால், ஒரு குமிழிகூட இல்லாத அந்தக் கண்ணாடி ஐஸும் மிதக்கும். வெள்ளை ஐஸ் ஒரு துளி கூடுதலாக மேலே நிற்கலாம், அவ்வளவுதான். கேனை விளிம்புவரை நிரப்பவும் மாட்டோம். உறையும்போது பெருத்து மேலே எழும்பி வந்துவிடும், அப்புறம் கேனைத் தூக்குவதே பெரும்பாடு. பெருத்தால் எடை கூடாது, இடம்தான் கூடும். மிதப்பதற்கு அது போதாதா?

---

நீர்க்காகம் எழுதியது:

ஐஸ்கம்பெனி சொன்னதில் பாதி விடை வந்துவிட்டது. மீதிப் பாதியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவிக்கு முதலில் ஒரு சபாஷ். பாடப்புத்தகம் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லி, ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்பதுபோல் ஆக்கிவிடுகிறது. ஒன்று: ஐஸ் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. இரண்டு: தண்ணீர், தண்ணீராகவே இருக்கும்போது 4 டிகிரியில் அடர்த்தி உச்சத்தில் இருக்கிறது. இரண்டாவது விஷயம் இல்லாமலே போனாலும் முதல் விஷயம் அப்படியே நிற்கும். கடல்தான் அதற்குச் சாட்சி.

எண்களைப் பாருங்கள். 4 டிகிரித் தண்ணீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.99997 கிராம். 0 டிகிரியில், இன்னும் உறையாத தண்ணீருக்கு 0.99984. அதே 0 டிகிரியில் ஐஸுக்கு 0.917. அதாவது 4 டிகிரியில் ஒரு லிட்டர் இருந்த தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அது பெருப்பது 0.13 மில்லிலிட்டர், இரண்டு மூன்று சொட்டு. அதே தண்ணீர் உறையும்போது பெருப்பது சுமார் 90 மில்லிலிட்டர், முக்கால் டம்ளர். ஐஸ் மிதப்பது இந்த 90-ஆல். அந்தச் சொட்டுக் கணக்கால் அல்ல.

ஏன் பெருக்கிறது? தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் தன் பக்கம் இழுக்கும், இதைத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறோம். ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறும் சரியாக நான்கு பக்கத்து மூலக்கூறுகளோடு, நான்முகி (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட) வடிவத்தில், குறிப்பிட்ட கோணங்களில் பிணைந்து நிற்கிறது. அந்தக் கோணத்தை விட்டுக்கொடுக்காமல் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனால் அறுகோண வளையங்களும், நடுவில் ஒன்றும் இல்லாத வெற்றிடமும்தான் மிஞ்சும். இந்த வெற்றிடத்தில் காற்றும் கிடையாது, எதுவும் கிடையாது. அந்தப் பையனுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள், குமிழி வேறு இது வேறு. ஐஸ் உருகும்போது பிணைப்புகள் எல்லாம் அறுந்துபோவதில்லை, பெரும்பாலானவை வளைந்து நெளிந்து மாறி மாறிப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன. ஆனால் ஒழுங்கு குலைந்துவிடுவதால் ஐந்தாவது ஆள் இடையில் நுழைய முடிகிறது. அதனால் தண்ணீர் நெருக்கமாகிறது.

4 டிகிரி வருவது இதற்கு அப்புறம்தான். உருகிய தண்ணீரை 0-லிருந்து சூடாக்கும்போது இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மிச்சமிருக்கும் ஐஸ் போன்ற திறந்த அமைப்பு இன்னும் கொஞ்சம் குலைகிறது, அது சுருங்கும் பக்கம். மூலக்கூறுகளின் ஆட்டம் கூடுகிறது, அது விரியும் பக்கம். 4 டிகிரி வரை முதலாவது ஜெயிக்கிறது, அதற்கு மேல் இரண்டாவது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஐஸ் மிதப்பதற்கு 4 டிகிரி காரணம் இல்லை.

சரி, கடல். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. உப்பு சேரச் சேர உறையும் வெப்பநிலையும் இறங்கும், அடர்த்தி உச்சத்தின் வெப்பநிலையும் இறங்கும், ஆனால் பின்னது வேகமாக இறங்கும். கிலோவுக்கு 24.7 கிராம் உப்பு வரும்போது இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. அதற்கு மேல் உப்பு இருந்தால், உச்சத்தைத் தொடும் முன்பே தண்ணீர் உறைந்துவிடும். ஆகவே சாதாரணக் கடல்நீர் உறையப் போகும் மைனஸ் 1.9 டிகிரி வரைக்கும் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டேதான் போகும். உங்கள் மாணவி சொன்னது இதைத்தான். பால்டிக் கடலின் வடகோடி மாதிரி உப்பு மிகக் குறைந்த இடங்களில் மட்டும் ஏரிக்கணக்கு ஓரளவு செல்லும்.

ஆனால் ஐஸ் உருவானதும் பழைய கதைதான். உப்புக்கு ஐஸின் அடுக்கில் இடமில்லை, வெளியே தள்ளப்படும். மிஞ்சும் ஐஸ் 0.9-ஐ ஒட்டி, கடல்நீர் 1.025-ஐ ஒட்டி. மிதக்காமல் எங்கே போகும்?

---

மாடிவீடு எழுதியது:

சரி, குமிழி வாதத்தை ஐஸ்கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். கடல்நீர் குளிரக் குளிரக் கனமாகி அடியில் இறங்கும் என்றால், மேலே இருக்கிற தண்ணீர் உறையவே கூடாதே? குளிர்ந்தது இறங்கும், அடியிலிருந்து வேறு வரும், அதுவும் இறங்கும். நாலாயிரம் மீட்டர் ஆழமும் மைனஸ் 1.9 ஆன பிறகுதான் மேலே ஐஸ் வரணும். அது எந்தக் காலத்தில் நடக்கும்?

---

நீர்க்காகம் எழுதியது:

இது நல்ல கேள்வி, முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி. கடல் முழுக்க ஒரே உப்பாக இருந்தால் நீங்கள் சொன்னபடிதான் ஆகும். ஆர்க்டிக்கில் அப்படி இல்லை. ஓப், எனிசெய், லீனா என்று சைபீரியாவின் பெரிய ஆறுகள் எல்லாம் அங்கே வந்து விழுகின்றன. மேலே சில பத்து மீட்டர் அளவுக்கு உப்பு குறைந்த தண்ணீர், அதற்குக் கீழே உப்பு கூடிய தண்ணீர். மேலே இருப்பது எவ்வளவு குளிர்ந்தாலும் கீழே இருக்கும் உப்புத் தண்ணீரைவிடக் கனமாக முடியாது, அதனால் கலங்கும் ஆழம் அந்த மேலடுக்கோடு நின்றுவிடும். அந்த அடுக்கு மட்டும் உறைநிலைக்கு வந்தால் போதும். இன்னும் வேடிக்கை என்னவென்றால், அதற்குக் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வந்த தண்ணீர் பூச்சியத்துக்கு மேலான சூட்டில் கிடக்கிறது, மேலே ஐஸ் இருக்கும்போதே.

அண்டார்டிகா பக்கம் வெடல் கடலில் நீங்கள் சொல்கிற இறங்கும் வேலை நிஜமாகவே நடக்கிறது. அங்கே கடல் உறையும்போது வெளியே தள்ளப்படும் உப்பு, பக்கத்துத் தண்ணீரைக் கனமாக்கி அடிக்கு அனுப்புகிறது. உலகக் கடல்களின் அடித்தளத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் குளிர்ந்த தண்ணீரில் பெரும்பங்கு இப்படி அண்டார்டிகாவைச் சுற்றி இறங்கியதுதான்.

---

கல்லூரிப்பையன் எழுதியது:

ஐஸ் மூழ்கியிருந்தால் உலகத்தில் உயிரே வந்திருக்காது என்று எங்கள் லெக்சரர் ஒருவர் வருஷா வருஷம் சொல்வார். உண்மையா?

---

நீர்க்காகம் எழுதியது:

கொஞ்சம் மிகைப்படுத்தல் என்றுதான் சொல்வேன். நம் ஊர் ஏரி, நிலநடுக்கோட்டுக் கடல் எல்லாம் உறையவே உறையாது, அங்கே ஐஸ் மிதந்தால் என்ன மூழ்கினால் என்ன. ஆனால் குளிர்நாட்டு ஏரிகளுக்குப் பெரிய வித்தியாசம் இருந்திருக்கும். மேலே மிதக்கும் ஐஸ் ஒரு மூடி. அது தடிக்கத் தடிக்க, கீழிருக்கும் சூடு வெளியேறுவது மந்தமாகும், அதனால் ஐஸ் வளர்வதும் மந்தமாகும். மேலே பனித்தூள் விழுந்து கிடந்தால் இன்னும் மந்தம். சைபீரியாவின் பைக்கால் ஏரியில் அவ்வளவு நீண்ட குளிர்காலத்திலும் ஐஸ் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆழமோ 1,642 மீட்டர். ஐஸ் மூழ்குவதாக இருந்தால் மூடி விழாது, தண்ணீரின் மேற்பரப்பு குளிர்காற்றுக்குத் திறந்தே கிடக்கும், உறைவது எல்லாம் அடியில் குவியும். கோடை வெயில் அந்த ஆழத்துக்கு இறங்காது. ஆழம் குறைந்த ஏரிகள் அடியோடு உறைந்துவிடும் வாய்ப்பு உண்டு. அதற்காக உயிரே வந்திருக்காது என்பதெல்லாம் மேடைப் பேச்சு.

4 டிகிரி உச்சம் உண்மையில் வேலை செய்வது ஏரியில்தான், அதுவும் ஐஸ் வருவதற்கு முன்னால். ஏரி முழுக்க 4 டிகிரிக்கு வந்த பிறகு, மேலே இருப்பது அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலேயே தங்கும், சீக்கிரம் உறையும், அடியில் 4 டிகிரி மிஞ்சும். இங்கே சொட்டுக் கணக்குதான், ஆனால் தண்ணீர் தண்ணீரோடு போட்டிபோடும்போது சொட்டே போதும். பாடத்தை இப்படிப் பிரித்துச் சொல்லலாம்: ஐஸ் மேலே நிற்பது ஐஸின் அமைப்பால், ஏரியின் அடி 4 டிகிரியில் நிற்பது தண்ணீரின் அடர்த்தி உச்சத்தால்.

---

பழையமெட்ராஸ் எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல், திட்ட வேண்டாம். மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று இருக்கும் கட்டடம் 1842-ல் ஐஸ் சேமிக்கக் கட்டியது, ஐஸ் ஹவுஸ் என்ற பேர் அப்படி வந்ததுதான். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் டியூடர் என்பவரின் கம்பெனி, அமெரிக்க ஏரி குளங்களில் குளிர்காலத்தில் ஐஸை வெட்டி, மரத்தூள் போட்டுக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. கல்கத்தாவுக்கு முதல் சரக்கு 1833-ல். யோசித்துப் பாருங்கள், ஐஸ் மேலே மிதக்காமல் அடியில் போய்க் கிடந்தால் குதிரை கட்டி, கோடு கிழித்து, ரம்பம் போட்டு அறுத்து எடுத்திருக்க முடியுமா? மெட்ராஸ் துரைமார்கள் வெதுவெதுப்பான பானத்தோடுதான் காலம் தள்ளியிருக்க வேண்டும்.

---

கல்லூரிப்பையன் எழுதியது:

சூப்பர். இன்னும் ஒன்று. மிதக்கிற ஐஸ் உருகினால் கடல்மட்டம் ஏறாது என்கிறார்கள், அப்புறம் ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

---

நீர்க்காகம் எழுதியது:

மிதக்கிற ஐஸுக்கு அது ஏறக்குறைய சரி. டம்ளரில் நல்ல தண்ணீர், அதில் ஐஸ்: உருகினாலும் மட்டம் அப்படியே இருக்கும், ஏனென்றால் ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் தள்ளி வைத்திருக்கிறது, உருகினால் அதே எடைத் தண்ணீர், அதே இடம். கடலில் ஒரு சின்ன வித்தியாசம். 1,000 டன் ஐஸ் தள்ளி வைத்திருப்பது 1,000 டன் கடல்நீரை, அது சுமார் 976 கன மீட்டர். உருகி வருவது நல்ல தண்ணீர், 1,000 கன மீட்டர். ஆகவே ஒரு 24 கன மீட்டர் கூடும். இல்லவே இல்லை என்பதும் தப்பு, பெரிது என்பதும் தப்பு.

பயப்படுவது தரைமேல் உட்கார்ந்திருக்கும் ஐஸுக்கு. கிரீன்லாந்து ஐஸ் முழுக்க உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் ஏறும், அண்டார்டிகாவினுடையது சுமார் 58 மீட்டர். முழுக்க உருகுவது நாளைக்கே நடக்கிற விஷயமில்லை, ஆனால் அதில் ஒரு சிறு பங்கு போதும் கடலோர ஊர்களுக்கு.

---

வாதம்பிடிவாதம் எழுதியது:

ஐஸ் என்றாலே மிதக்கும் என்று எல்லோரும் பேசுகிறீர்கள், மூழ்குகிற ஐஸும் உண்டு. கனநீரில், அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் இருக்கும் தண்ணீரில் செய்த ஐஸைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் அடியில் போய்விடும். அதன் அடர்த்தி சுமார் 1.02. ஆனால் அதே ஐஸைக் கனநீரிலேயே போட்டால் மிதக்கும், அமைப்பு அதே அறுகோணம்தானே. அப்புறம் அழுத்தம் கொடுத்தால் வேறு கதை. 1912-ல் பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தண்ணீரைப் பல ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கி, ஐஸின் புது வடிவங்களைக் கண்டுபிடித்தார், பின்னால் 1946-ல் உயர் அழுத்த ஆய்வுகளுக்காக நோபலும் வாங்கினார். அதில் ஆறாம் வகை ஐஸ், பத்தாயிரம் வளிமண்டலத்தை ஒட்டிய அழுத்தத்தில் நம் ஊர் அறை வெப்பத்திலேயே உறையும், அடர்த்தி 1.3-ஐத் தொடும். அந்த வெற்றிடங்களையே நசுக்கி மூடிவிட்டால் மிதப்பதற்கு என்ன மிச்சம்?

உறையும்போது பெருப்பது தண்ணீருக்கு மட்டும் உள்ள தனிச் சிறப்பு என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். சிலிக்கான், ஜெர்மானியம், காலியம், பிஸ்மத் எல்லாம் இதே ரகம். திட காலியத்தைத் திரவ காலியத்தில் போட்டாலும் மிதக்கும்.

பழையமெட்ராஸ் வரலாறு எடுத்துவிட்டதால் நானும் ஒன்று. 1611-ல் பிளாரன்ஸ் நகரில் கலிலியோவுக்கும் அரிஸ்டாட்டில் கட்சிக்காரர்களுக்கும் இதே ஐஸை வைத்துத்தான் சண்டை. அவர்கள் சொன்னது, ஐஸ் என்பது தண்ணீர் இறுகியது, அதனால் கனம்தான், தட்டையாக அகலமாக இருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்க முடியாமல் மிதக்கிறது என்று. கலிலியோ, எந்த வடிவத்தில் வெட்டினாலும் மிதக்கிறதே, தண்ணீருக்கடியில் அமுக்கிவிட்டாலும் திரும்ப மேலே வருகிறதே, ஆகவே ஐஸ் தண்ணீர் நெகிழ்ந்து பெருத்தது என்றார். மூலக்கூறு என்ற பேச்சே இல்லாத காலம் அது. அந்த அமுக்கிப் பார்க்கும் வாதம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

---

டியூஷன்மிஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட ஏதாவது இருக்கிறதா? டம்ளரில் ஐஸ் போட்டுக் காட்டினால் "தெரிஞ்சதுதானே மிஸ்" என்பார்கள்.

---

ஐஸ்கம்பெனி எழுதியது:

பிளாஸ்டிக் பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு ஃப்ரீசரில் நிற்கவைத்து விடுங்கள். மறுநாள் ஐஸ் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம், நிரப்பி மூடவும் வேண்டாம், வெடித்துவிடும்.

---

நீர்க்காகம் எழுதியது:

தேங்காய் எண்ணெய் வைத்துக் காட்டுங்கள், அதுதான் சரியான எதிர்ப்பாட்டு. உறைந்த தேங்காய் எண்ணெயில் ஒரு துண்டு எடுத்து, உருகிய தேங்காய் எண்ணெயில் போட்டால் நேரே அடிக்குப் போகும். பெரும்பாலான பொருள்கள் இப்படித்தான். பக்கத்திலேயே ஐஸும் தண்ணீரும் இருந்தால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

அடுத்தது, திரவமாக இருக்கும் சானிடைசர் (ஜெல் வேண்டாம்) ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து ஐஸ் போடுங்கள். ஆல்கஹால் அதிகம் என்பதால் அதன் அடர்த்தி 0.9-க்குக் கீழே, ஐஸ் மூழ்கிவிடும். பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள் அப்போது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் அடியில் கிடந்த ஐஸ் கிளம்பி மேலே வரும். கலவை 0.917-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும் சரக்கு.

---

டியூஷன்மிஸ் எழுதியது:

இந்த வெயிலில் தேங்காய் எண்ணெய் எங்கே உறைகிறது!

---

ஐஸ்கம்பெனி எழுதியது:

ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டிலேயே உறைந்துவிடும், 24 டிகிரிக்குக் கீழே போனால் போதும். ஐஸ் டிரேயில் ஊற்றி வையுங்கள், துண்டு துண்டாக எடுக்கலாம். எடுத்ததும் உடனே போட்டுக் காட்டுங்கள், கையில் வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னால் உருகி வழிந்துவிடும்.